ஆங்கில மருந்தும் பத்தியமும்

தமிழ் வைத்தியத்தில் மருந்து என்ற சொல்லும் பத்தியம் என்ற சொல்லும் இணைபிரியாதவை. சூரணமாயினும் இலேகியமாயினும் செந்தூரமாயினும், இன்னது உண்ணலாம், இன்னது ஆகாது என்று விதித்த பின்னரே வைத்தியர் பொதியைக் கையிற் கொடுப்பார். மருந்துண்டு முடித்த பின்னரும் சில நாட்களுக்கு அவ்விலக்கு நீடிப்பதுண்டு. அதனை மறுபத்தியம் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுக்கு வந்த நம் முன்னோர், குலதெய்வத்தையும் கூத்தையும் கொண்டுவந்தது போலவே இவ்வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். லயத்துக் காம்பராக்களில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சற்காரனுக்கும் பத்தியம் காப்பது இன்றும் மறையவில்லை.

தோட்டங்களில் ஆங்கில மருந்து பரவிய காலத்தில், அம்மருந்தின் பெருஞ் சிறப்பாக மக்கள் கண்டது அதன் வேகத்தை மட்டுமன்று. "இங்கிலீசு மருந்துக்குப் பத்தியம் இல்லை" என்பதே அவர்கள் கூறிய புகழ்மொழி. வேலைக்குப் போகும் ஒருவன் புளியை நீக்கிக் காரத்தைக் குறைத்து நாற்பது நாள் இருத்தல் இயலாது. மாத்திரையோ இரண்டு மிடறு தேநீருடன் உள்ளே போய்விடும். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை, ஒற்றைத் தலைவலிக்குரிய ஒரு மருந்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அம்மருந்தின் பெயர் எர்கொட்டமின். அதற்கு இன்றியமையாத பத்தியம் ஒன்று உண்டு. விலக்க வேண்டிய பொருள் உணவன்று, மற்றொரு மருந்து என்பதும், அவ்வுண்மை வெளிப்பட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன என்பதும் இவ்வரலாற்றின் விந்தைகள்.

எர்கொட்டமின் ஒரு பூஞ்சணத்திலிருந்து பெறப்படுவது. குளிர்நாடுகளில் விளையும் ரை என்னும் தானியத்தின் பூவைப் பூஞ்சணம் பற்றும்போது, மணி நிற்க வேண்டிய இடத்திற் கருநீல நிறமுடைய, சற்றே வளைந்த, கடினமான ஒரு பொருள் நீண்டு நிற்கும். பார்வைக்கு அது சேவற்காலின் முள்ளை ஒத்திருப்பதால் பிரெஞ்சுக்காரர் அப்பெயரையே அதற்கு இட்டனர். எர்கொட் என்பது அதன் மரூஉ. இது நமக்கு முற்றிலும் அயலான பொருளென்று கருத வேண்டா. தமிழ்நாட்டு உழவர் கம்பங்கதிரில் காணும் தேன் ஒழுகல் நோய் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. முதலிற் கதிரிலிருந்து தேன்போலப் பிசின் வடியும். பின்னர் மணிக்குப் பதிலாகக் கறுத்த முள் தோன்றும். விதைக் கம்பை உப்புநீரில் இட்டு, மிதப்பனவற்றை அள்ளி எறிந்து, அடியில் தங்கிய நல்ல மணிகளைக் கழுவி எடுப்பது வேளாண்துறையார் கூறும் முறையாகும்.

மத்திய கால ஐரோப்பாவிலே ஏழைகளின் உணவு ரை அப்பம். மழை மிகுந்து குளிர் நீடித்த ஆண்டுகளில் எர்கொட் கலந்த மாவை உண்டவர்களின் கைகாலில் முதலில் ஊர்வது போன்ற உணர்ச்சியும், பின்னர் எரிவும், பின்னர் மரத்துப்போதலும் உண்டாயின. இறுதியில் விரல்களும் பாதங்களும் கரிபோலக் கறுத்து, குருதி சிந்தாமலே கழன்று விழுந்தன. கி.பி. 857 இல் ரைன் நதிப் பிரதேசத்தில் இத்தகைய கொள்ளைநோய் தோன்றியமை அக்கால ஆண்டுக் குறிப்புகளால் அறியக்கிடக்கின்றது. மக்கள் இதனைப் "புனித அந்தோனியாரின் நெருப்பு" என்றனர். 1095 ஆம் ஆண்டளவில் அவர் பெயரால் எழுந்த துறவியர் சபையினர் இந்நோயாளருக்கென்றே ஆசுபத்திரிகள் நடத்தினர். அங்கே சென்றவருட் பலர் குணமடைந்தனர். அதற்குரிய காரணங்களுள் ஒன்று, அவ்விடத்தில் நோயாளிக்கு நல்ல கோதுமை அப்பம் கிடைத்தமை எனப் பிற்கால ஆசிரியர் கூறுவர். காரணம் அறியாமலே அவர்கள் பத்தியம் காத்தனர் என்று நாம் கூறலாம். ரை மணியோடு வரும் அம்முள்ளே இக்கேட்டுக்கு மூலமென்று டெனி டோடார் என்பவர் பிரெஞ்சு அறிவியற் கழகத்துக்கு எழுதியது 1676 இல்.

நஞ்சு என்று கற்றோர் அறிவதற்கு முன்னரே மருத்துவச்சிகள் இதனை மருந்தாக அறிந்திருந்தனர். 1582 இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் மூலிகை நூல், பிள்ளைப்பேற்றின்போது கருப்பையைச் சுருங்கச் செய்வதற்கு அவர்கள் இதனைக் கொடுத்தமையைக் குறிப்பிடுகின்றது. 1808 இல் நியூயோர்க்கு மாநிலத்து வைத்தியர் ஜோன் ஸ்ரேண்ஸ் இதனை வைத்திய உலகுக்கு எடுத்துரைத்தார். அளவு தவறியதால் குழந்தைகள் இறந்து பிறந்தன. பேறுகாலப் பொடி என்று வழங்கிய இதனைச் சாவுப்பொடி என்றே அழைக்கலாம் என்று டேவிட் ஹொசாக் என்ற மற்றொரு வைத்தியர் சில ஆண்டுகளிற் கண்டித்தார். குழந்தை பிறந்த பின்னர் தாயின் குருதிப் பெருக்கை நிறுத்துவதே இதன் தக்க பயன் என்ற கருத்து அதன்பின் நிலைபெற்றது. 1935 இல் எர்கொட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எர்கொமெற்றின், நம் நாட்டுப் பிரசவ விடுதிகளிலும் எண்ணற்ற தாய்மாரைக் காத்த மருந்து. எந்த இயல்பினாற் கைகால் கருகிற்றோ அந்த இயல்பே தாயுயிரைக் காத்தது. குருதிக் குழாயையும் தசையையும் இறுக்குதல் என்பதே அவ்வியல்பு.

இங்கே நீலகிரியைப் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் பொருந்தும். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் நம் மலைநாட்டு மக்களுட் பலர் சென்று குடியேறிய மலை அது. இரண்டாம் உலகப் போரினால் ஐரோப்பிய எர்கொட் வரத்துத் தடைப்பட்ட 1940களில், சென்னை மாகாண வேளாண்துறையினர் நீலகிரியிலே ரையைப் பயிரிட்டு, அதன் கதிர்களில் வேண்டுமென்றே பூஞ்சணத்தைத் தொற்றச் செய்து எர்கொட்டை விளைவித்தனர். உழவன் அஞ்சி விலக்கும் நோயைப் பயிராக வளர்த்தமை இது! இலங்கை மலைநாட்டுக்கும் மருந்துப் பயிர் புதிதன்று. 1861 இல் ஹக்கலையில் சிங்கோனா நடப்பட்டது. கோப்பி நோயுற்று அழிந்த காலத்தில் அது தோட்டங்கள் எங்கும் பரவி, 1880களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் இறாத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. விலை வீழ்ந்ததும் சிங்கோனா மறைந்து தேயிலையே எஞ்சியது.

இனி ஒற்றைத் தலைவலிக்கு வருவோம். 1868 இல் இங்கிலாந்தின் எட்வேர்ட் வோக்ஸ் நரம்புவலிக்கு எர்கொட்டைக் கொடுத்துப் பார்த்தார். 1883 இல் ஜெர்மனியின் ஒயிலன்பேர்க் ஒற்றைத் தலைவலிக்கு அதன் சத்தை ஊசிவழி செலுத்தினார். ஆயினும் மூலப்பொருளின் வீரியம் ஒவ்வோர் அறுவடைக்கும் வேறுபட்டதால் அளவு வகுக்க இயலவில்லை. 1918 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில், ஆர்தர் ஸ்ரோல் எர்கொட்டமினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்த பின்னரே அத்தடை நீங்கிற்று. 1926 இல் ஹான்ஸ் மையர் அதனை ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படுத்திய முடிபுகளை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டிலே இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ரை அப்பம் உண்ணும் வழக்கமுடைய குடியேறிய யூதர் பலர் எர்கொட் நஞ்சுக்கு ஆளாயினர். ஒரே பொருள் ஓரூரில் மருந்தாகவும் வேறோரூரில் நஞ்சாகவும் ஒரே காலத்தில் நின்றது.

1938 இல் நியூயோர்க்கில் கிரகாம், வொல்ஃப் என்னும் இருவர், நோயாளியின் நெற்றிப்பொட்டு நாடித் துடிப்பைப் பதிவுசெய்து, எர்கொட்டமின் செலுத்தியதும் துடிப்பும் வலியும் ஒருங்கே தணிவதைக் காட்டினர். விரிந்த குழாய் சுருங்குவதாலேயே வலி நீங்குகின்றது என்பது அவர்கள் கொள்கை. மூளை நரம்புகளின் செயலே முதன்மையானது என்று இன்றைய அறிஞர் அதனைத் திருத்தியுள்ளனர். ஆயினும் எர்கொட்டமின் குழாயைச் சுருக்கும் என்பதில் ஐயமில்லை. அது நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், கிழமையொன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடக்கலாகாது என்று விதி செய்யப்பட்டது. கஃபீனுடன் கலந்த மாத்திரை உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் பரசிற்றமோலும் வாந்தியடக்கும் மருந்தும் சேர்த்து ஒரே வில்லையாக நெடுங்காலம் பரவலாக விற்கப்பட்டு வந்துள்ளது. அவ்வில்லையின் வணிகப்பெயரைக் கேட்டு எர்கொட்டை எண்ணுபவர் யார்?

இவ்வரலாற்றின் மற்றைய பாத்திரம் நுண்ணுயிர்க்கொல்லி. பெனிசிலின் வந்த சில ஆண்டுகளில் அதனை உடல் ஏற்காத நோயாளரும் பலராயினர். அவர்களுக்கு மாற்று மருந்து வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோஇலோ மாகாணத்தில் வைத்தியராயிருந்த அபெலார்டோ அகிலார் 1949 இல் அமெரிக்காவின் லில்லி கம்பனிக்கு ஒரு மண் மாதிரியை அனுப்பினார். அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து எரித்திரோமைசின் பிறந்து 1952 இல் வெளிப்பட்டது. மருந்துக்கு அம்மாகாணத்தின் பெயரைத் தழுவி வணிகப்பெயர் இட்டார்கள்; மண் கொடுத்தவருக்கு உரிமைப் பங்கு கிட்டவில்லை. நம் மலைகளில் வாழ்வோருக்கு இது புதுக்கதையன்று. தொண்டைப்புண், மார்புச்சளி, தோற்புண் ஆகியவற்றுக்கு எரித்திரோமைசின் நல்ல மருந்து. அதன் இனத்தைச் சேர்ந்த ஒலியாண்டோமைசின் வகைகளும் 1950களிற் பழக்கத்துக்கு வந்தன. மக்ரோலைட் என்பது இவ்வினத்தின் பொதுப்பெயர்.

எர்கொட்டமினுக்கும் இவ்வினத்துக்கும் நோயினாலோ இயல்பினாலோ யாதொரு தொடர்பும் தோன்றவில்லை. ஒன்று தலைவலிக்கு, மற்றொன்று கிருமிக்கு. ஒன்றைக் கொடுப்பவர் பெரும்பாலும் மற்றொன்றைக் கொடுப்பவரல்லர். 1969 இல் நியூசிலாந்து மருத்துவ இதழில் ஹெய்ட்டன் என்பவர், எர்கொட்டமின் உண்டுவந்த நோயாளி ஒருவருக்கு ஒலியாண்டோமைசின் வகை மருந்தைச் சேர்த்ததும் எர்கொட் நஞ்சேற்றம் திடீரென எழுந்தமையை எழுதினார். அதன்பின் பிரான்சிலிருந்து இத்தகைய செய்திகள் பல வந்தன. 1980களில் எரித்திரோமைசினும், 1990களில் புதிதாக வந்த கிளரித்திரோமைசினும் அப்பட்டியலிற் சேர்ந்தன. விதித்த அளவைக் கடவாமல் உண்டவர்களின் கைகாலே குளிர்ந்து வெளிறி, மணிக்கட்டு நாடி அடங்கின. சிலருக்கு உறுப்பை வெட்டியெடுக்கவும் நேர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரைன் கரையில் எரிந்த அதே நெருப்பு, மருந்துப் பொதிக்குள்ளிருந்து எழுந்தது எனலாம்.

எர்கொட்டமின் தலைவலிக்கு வந்து 43 ஆண்டும், எரித்திரோமைசின் வந்து 17 ஆண்டும் கழிந்த பின்னரே முதற் செய்தி பதிவாயிற்று. இத்தாமதத்துக்குக் காரணம் வைத்தியரின் கவனமின்மை என்று கூறுதல் எளிது, நியாயமன்று. தனித்தனியே ஆராயின் இரண்டும் குற்றமற்றவை. நோயாளியின் கைவிரல் கறுக்கும்போது, அவர் எர்கொட்டமினை அளவுக்கு மீறி உண்டாரென்றே எவரும் எண்ணுவர். அளவோடுதான் உண்டேன் என்ற நோயாளியின் சொல் நம்பப்படாது. இரு மருந்துகளையும் ஒரே கண் காணும்வரை இவ்வுண்மை வெளிப்பட வழியில்லை.

இதற்குச் சற்று முன் நிகழ்ந்த ஒரு செய்தி இக்கருத்தை வலியுறுத்தும். 1960களின் தொடக்கத்தில், மனச்சோர்வுக்குக் கொடுக்கப்பட்ட ஒருவகை மருந்தை உண்டவர் சிலருக்குப் பொறுக்கவொண்ணாத தலைவலியும் குருதி அழுத்த உயர்வும் தோன்றின. நொட்டிங்காம் நகர ஆசுபத்திரியில் மருந்தாளராயிருந்த ஒருவர், தம் மனைவி பாற்கட்டி உண்ணும்போதெல்லாம் அவ்வலி வருவதைக் கண்டு, இலண்டனிலிருந்த இளம் வைத்தியர் பரி பிளாக்வெல்லுக்கு எழுதினார். முதலில் நகைப்புக்கிடமான இக்கருத்து 1963 இல் மெய்ப்பிக்கப்பட்டது. மனைவி எதனை உண்கிறாள், எந்த மருந்தை விழுங்குகிறாள் என்ற இரண்டையும் ஒரே வீட்டிலிருந்து கண்டவர் அவர். ஆங்கில மருந்துக்குப் பத்தியம் உண்டென்று உலகறியச் செய்தது ஒரு மருந்தாளரின் சமையலறைக் கவனிப்பே. டெட்ராசைக்கிளினைப் பாலோடு உண்ணலாகாது என்பதும் இக்காலத்தை ஒட்டித் தெளிவான மற்றொரு பத்தியம்.

எர்கொட்டமினுக்கும் மக்ரோலைட்டுக்கும் உள்ள பகை எவ்வாறு எழுகின்றது? நாம் உண்ணும் மருந்து குடலிலிருந்து ஈரல் வழியாகவே உடலெங்கும் செல்கின்றது. குடற் சுவரிலும் ஈரலிலும் அயற்பொருளைச் சிதைக்கும் நொதியங்கள் உண்டு. ஜப்பானிய அறிஞர் ஒமுராவும் சாத்தோவும் 1960களின் தொடக்கத்தில் ஆராய்ந்து சைற்றோகுரோம் பி 450 எனப் பெயரிட்ட குடும்பம் அதுவே. அதன் 3ஏ4 என்னும் உறுப்பு எர்கொட்டமினைப் பெரிதும் சிதைத்துவிடுவதால், விழுங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவே குருதியை அடைகின்றது. மாத்திரையின் அளவு இவ்விழப்பைக் கணக்கிட்டே வகுக்கப்பட்டது. எரித்திரோமைசினும் ஒலியாண்டோமைசினும் அந்நொதியத்தோடு பிணைந்து அதனைச் செயலற்றதாக்குகின்றன என்று 1980களின் தொடக்கத்திற் பாரிஸ் ஆய்வாளர் காட்டினர். காவலாளி கட்டுண்டதும், வாயிலில் தடுக்கப்பட வேண்டிய தொண்ணூற்றைந்து பங்கிற் பெரும்பகுதி உள்ளே நுழைகின்றது. உண்டது ஒரு மாத்திரை. உடல் அறிவதோ பல மாத்திரை. "அளவோடுதான் உண்டேன்" என்ற நோயாளி பொய் சொல்லவில்லை.

இச்செய்தி மலைநாட்டார்க்கு ஏன் முதன்மையானது என்பதை இனி நோக்குவோம். ஒற்றைத் தலைவலி ஆடவரைவிடப் பெண்டிரை ஏறத்தாழ மும்மடங்கு பற்றும் நோய். பசி, தூக்கமின்மை, வெயிலின் கூச்சம் ஆகியன அதனைத் தூண்டுவன. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி மலைக்கு ஓடும் ஒருத்திக்கு மேற்கூறிய தூண்டுதல்கள் யாவும் நாள்தோறும் வாய்க்கின்றன. தலைவலியென்று நின்றால் அரைப்பேர்தான் கிடைக்கும். ஆதலால் அவள் அதனை நோயாக எண்ணித் தோட்டத்து மருந்தகத்திற் சொல்வதில்லை. சம்பளத்தின் பின் ஹற்றனிலோ நுவரெலியாவிலோ பாமசியில் ஓர் அட்டை மாத்திரை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறாள். அல்லது இந்தியாவுக்குப் போய்வந்த உறவினர் கொணர்ந்ததைப் பெறுகிறாள். நெஞ்சுச் சளிக்கும் காய்ச்சலுக்கும் மட்டுமே தோட்ட மருந்தகத்தையோ அரசாங்க ஆசுபத்திரியையோ நாடுகிறாள். தலைவலி மருந்து ஒரு கையிலிருந்தும், கிருமி மருந்து மற்றொரு கையிலிருந்தும் வருகின்றன. இரண்டும் சந்திப்பது அவள் வயிற்றிலே.

தோட்ட மருத்துவத்தின் வரலாறும் இப்பிரிவுக்கு ஒரு காரணம். 1872 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் 1912 ஆம் ஆண்டுச் சட்டங்களும், தொழிலாளரின் மருத்துவத்தை நாட்டின் பொது மருத்துவத்தினின்று வேறான ஓர் ஒழுங்கில், தோட்ட நிர்வாகத்தின் பொறுப்போடு பிணைத்தன. மருந்தகத்தை நடத்தியவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற வைத்தியரல்லர். பயிற்சி பெற்ற உதவியாளரே. அவர்களுள் இரவு பகல் பாராது உழைத்து லயத்து மக்களின் நன்றிக்கு உரியரானோர் பலர் என்பதையும் மறத்தலாகாது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட ஆசுபத்திரிகள் சில அரசாங்கத்தின் கைக்கு மாறின. 2017 இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட ஆசுபத்திரி திறக்கப்பட்டது. கட்டடங்கள் உயர்ந்தன, ஆனால் ஒருவர் உண்ணும் எல்லா மருந்தையும் ஒரே ஏட்டில் எழுதிவைக்கும் ஒழுங்கு அதனோடு உயரவில்லை.

மருந்தின் பெயரே தெரியாதவிடத்துப் பத்தியம் காப்பது எங்ஙனம்? எம் வகுப்பிற் பயிலும் பிள்ளைகள் சிலர் வீட்டாரின் மருந்து உறைகளைக் கொண்டுவந்து, "சேர், இதில என்ன எழுதியிருக்கு?" என்று வினவுவதுண்டு. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று எனக் கோடிட்டிருக்கும். பெயர் எழுதப்பட்டிருப்பின் அது தமிழிலிராது. பல உறைகளிற் பெயரே இராது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. மருந்து உறையின் நான்கு அங்குலத் தாளை அம்மொழி எட்டுவது இன்னும் அரிதாகவே உள்ளது.

பெயரின் முதன்மையை நம் நாட்டிலே முதலில் தெளிவாக உணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பேராசிரியராயிருந்த அவர், ஒரே மருந்து பல வணிகப்பெயர்களில் உலவுவதைக் கண்டு, மருந்தை அதன் பொதுப்பெயராலேயே எழுதவும் விற்கவும் வேண்டுமென்று வாதாடினார். 1971 இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் அளித்த அறிக்கையின் வழியே அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. நாட்டில் வழங்கிய 2,100 அளவிலான மருந்துகள் 600 ஆகக் குறைக்கப்பட்டன. பிபிலே 1977 இல் கயானாவிற் காலமானார். அவர் கொள்கையைத் தழுவிய தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015 இல் நிறைவேறிற்று. இக்கொள்கையின் பயனாகப் பணச் சிக்கனத்தையே பலரும் எடுத்துரைப்பர். எமக்கோ அதனினும் பெரிதாகத் தோன்றுவது வேறு. எர்கொட்டமின் என்ற ஒரே பெயர் எல்லா அட்டையிலும் இருந்தால், எரித்திரோமைசின் கொடுக்கப்போகும் மருந்தாளர் அதனைக் கண்டதும் கைநிறுத்துவார். இருபது வணிகப்பெயர்களின் பின்னே அது மறைந்திருந்தால் வல்லவரும் ஏமாறுவர்.

இன்று நிலைமை பலவாறு மாறியுள்ளது. 1990களில் வந்த திரிப்டான் வகை மருந்துகள் எர்கொட்டமினின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ஆயினும் பத்தியம் ஒழிந்துவிடவில்லை. எலெட்ரிப்டான் அதே 3ஏ4 நொதியத்தாற் சிதைவதால் கிளரித்திரோமைசினோடு சேரலாகாது. லினெசோலிட் என்னும் கிருமி மருந்து, பாற்கட்டிக் கதையில் வந்த மருந்துகளின் இயல்பைச் சிறிது உடையதாதலின் சுமாட்ரிப்டானோடு சேர்ப்பதற்கு எச்சரிக்கை உண்டு. மக்ரோலைட் இனத்தில் அசித்திரோமைசின் மட்டும் அந்நொதியத்தை ஏறத்தாழத் தீண்டுவதில்லை. ஆயினும் எர்கொட்டமினோடு அதனையும் தவிர்க்குமாறே மருந்துக் குறிப்புகள் எழுதுகின்றன. எச்.ஐ.வி. நோய்க்குரிய ரிட்டோனவிரும், பூஞ்சண நோய்க்குரிய கீட்டோகோனசோல் முதலியனவும் எர்கொட்டமினுக்குப் பெரும் பகைவர். தேயிலை நாட்டாராகிய நமக்கு வேடிக்கையான ஒன்றும் உண்டு. சிப்ரோஃபுளொக்சசின் உண்பவர் உடலிற் கஃபீன் கழிவது தாமதமாகின்றது. நாள்தோறும் குடிக்கும் சாயத் தேநீரே அப்போது நெஞ்சைப் படபடக்கச் செய்து தூக்கத்தைக் கெடுக்கலாம்.

எர்கொட் நஞ்சேற்றத்தின் முதற் குறி கைகால் குளிர்ந்து மரத்துப்போதல். சமவெளியில் ஒருவருக்குக் கை சில்லிட்டால் வீட்டார் திடுக்கிடுவர். ஆறாயிரம் அடிக்கு மேலே, மார்கழி விடியலில், பனி படிந்த செடியிற் கைவைத்தவளின் விரல் விறைப்பது யாருக்கும் ஒரு செய்தியன்று. நாம் அஞ்சுவது இதனையே. குளிரால் விறைத்த கை அடுப்பருகே சற்று வைத்ததும் மீளும், சிவக்கும். மருந்தால் இறுகிய கை மீளாது, வெளிறியே நிற்கும், நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும், மணிக்கட்டில் நாடி மெலிந்து தோன்றும் அல்லது தோன்றாது. தலைவலி மாத்திரை உண்பவர் கிருமி மருந்தும் உண்ணும் நாட்களில் இவ்வேறுபாட்டைக் காணின், அடுப்பருகே காத்திராமல் இரு அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆசுபத்திரிக்குச் செல்ல வேண்டும். காலந் தாழாது மருந்தை நிறுத்திக் குழாய்களை விரிக்கும் சிகிச்சை செய்தால் பெரும்பாலார் உறுப்பிழவாது தப்புவர்.

கிருமி மருந்தின் கடைசி மாத்திரையை உண்ட மறுநாளே பகை தீர்ந்துவிடும் என்று எண்ணுதலும் கூடாது. எரித்திரோமைசின் வகைகளாற் கட்டுண்ட நொதியம் விடுபட்டு எழுவதில்லை. உடல் அதனைப் புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சில நாட்கள் செல்லும். கிளரித்திரோமைசின் முதலியவற்றை உண்டவர் எலெட்ரிப்டானைத் தொடுவதற்கு முன் 72 மணிநேரமாவது கழிய வேண்டும் என்று இன்றைய மருந்துக் குறிப்புகள் விதிப்பது இதனாலேயே. மருந்து முடிந்த பின்னும் விலக்கு நீடிக்கும் அம்மூன்று நாட்களும் ஒரு பத்தியக் காலமே. லயத்துப் பாட்டிமார் அதனை மறுபத்தியம் என்பர்.